பெட்டிக்குள் வந்த எழுத்து



அலங்காநல்லூர் என்றதும் உங்களிற் பலருக்கு வாடிவாசலும் காளையும் கண்முன் வரும். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாய்க்கால். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பி வையையில் சேர்ந்தது. பேரணையிலிருந்து பெருங்கால்வாயாகப் பிரிந்து இன்றும் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் மடையில் நீர் பாய்ச்சிய முதியவர் ஒருவர், குச்சியை எடுத்துப் புழுதியில் கோடு கிழித்து, “இது பெரிய கால், இது கிளைக் கால், இது நம்ம மடை” என்று காட்டுவார். அந்தப் படத்தைக் கண்ட எவரும் நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கணத்தில் அறிந்துகொள்வர். “எந்த வயலுக்கு எப்போது தண்ணீர்?” என்று ஒருநாள் கேட்டேன். “அது படத்திலே வராது தம்பி. அது முறை. வாயாலே சொல்லணும், இல்லாட்டி நோட்டிலே எழுதி வைக்கணும்” என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளங்கியதும் வயலில் அன்று, கணிப்பொறியின் முன்னே.

கணிப்பொறியில் இசையை அமைக்கும் முறைகளுள், எழுத்தால் கட்டளையிடாமல் படம் வரைந்து கட்டளையிடும் முறை ஒன்று உண்டு. அந்தப் படத்தினுள்ளே பிற்காலத்தில் எழுத்து மொழிகள் எவ்வாறு வந்து குடியேறின என்பதே இவ்வுரையின் பொருள். கணித ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். இப்பொருளைப் பற்றி என் மாணவன் ஒருவனுக்கு நான் ஒருமுறை தவறான விடை கூறிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே ஓய்வுக்குப்பின் இதைத் தேடிப் படித்தேன். அவன் கதையைப் பின்னர்ச் சொல்வேன். வரலாறு முன்னே வரட்டும்.

முதலில் எழுத்துத்தான் இருந்தது. 1957-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலறிஞர், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியைக் கொண்டு பதினேழு நொடி நீளமுள்ள ஓர் இசைத்துணுக்கை ஒலிக்கச் செய்தார். அவர் வயலின் வாசிக்கப் பழகியவர். தம் வாசிப்பு சிறப்பானதன்று என்று தாமே சொல்லிக்கொண்டவர். அக்காலத்துக் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு கிடப்பது. அது நியூயார்க் நகரில் இருந்தது. எண்களை ஒலியாக மாற்றும் கருவியோ ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஆகவே நகருக்குச் சென்று கணக்கிட்டு, விடைகளைக் காந்த நாடாவில் ஏற்றி, நாடாவை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய பின்னரே தாம் இயற்றியது எப்படி ஒலிக்கிறது என்பதை அவர் கேட்க முடிந்தது. பாடகர் ஒருவர் மதுரையில் வாயைத் திறந்து, தம் குரலைக் கேட்பதற்குத் திருச்சிக்கு ரயிலேறிப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள்!

மாத்யூஸ் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு நல்வழியைக் கண்டார். ஒலியை உண்டாக்கும் வேலையை அவர் சிறு சிறு கூறுகளாகப் பிரித்தார். அதிர்வை உண்டாக்குவது ஒரு கூறு; இரண்டைக் கூட்டுவது ஒரு கூறு; ஒலியை வளர்ப்பதும் தேய்ப்பதும் இன்னொரு கூறு. இவற்றை வேண்டியவாறு இணைத்தால் புதிய இசைக்கருவி ஒன்று பிறக்கும். இந்தக் கூறுகளை விளக்கும்போது அவர் கட்டங்களும் கோடுகளுமாகப் படம் வரைந்தே விளக்கினார். ஆனால் அந்தப் படம் தாளில் மட்டுமே இருந்தது. கணிப்பொறிக்குக் கொடுக்கும்போது அதை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றி, அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. கண்ணுக்குப் படம், யந்திரத்திற்கு எழுத்து என்பதே அன்றைய நிலை.

1960-களின் நடுவில் ராபர்ட் மூக், டொனால்டு புக்லா முதலியோர் மின்னால் இயங்கும் இசைப்பெட்டிகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு ஒலி செல்வதற்கு இசைஞரே கையால் கம்பியைச் செருகவேண்டும். பழைய தொலைபேசி நிலையத்தில் பெண்கள் பலகையின்முன் அமர்ந்து இணைப்புக் கொடுத்ததை என் வயதினர் அறிவர். ஏறத்தாழ அதே காட்சி. ஒருமுறை செருகி அமைத்த இணைப்புக்குப் பேட்ச் என்று பெயர் வழங்கியது. கம்பிகளைப் பார்த்த அளவிலேயே ஒலி செல்லும் வழி தெரிந்துவிடும். கையாலும் கண்ணாலும் வேலை செய்து பழகிய இசைஞர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இவ்விரண்டு ஓடைகளும் கலந்த இடம் பாரிஸ் நகரம். அங்கே பியர் பூலே என்னும் இசை மேதையின் முயற்சியால் இர்க்காம் என்னும் இசை ஆய்வு நிலையம் 1977-இல் வாயில் திறந்தது. 1980-களின் நடுவில் மில்லர் பக்கெட் என்னும் அமெரிக்க இளைஞர் அங்கு வந்தார். அவர் கணிதம் பயின்றவர். அந்நிலையத்தில் அப்போது ஃபோர்-எக்ஸ் என்னும் வலிமை மிக்க ஒலிப்பொறி இருந்தது. அதற்கு ஒலியெழுப்பத் தெரியும். ஆனால் மேடையில் பியானோ வாசிப்பவர் சற்றே விரைந்தாலும் தாழ்ந்தாலும் அவருடன் இசைந்து போகத் தெரியாது. பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து வாசிப்பது போல யந்திரமும் வாசிக்கவேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. அதற்கான கட்டுப்பாட்டு முறையைப் பக்கெட் எழுதினார். பின்னர் மாக்கின்டாஷ் கணிப்பொறியின் திரையில், பெட்டிகளை வரைந்து அவற்றைக் கோடுகளால் இணைத்தாலே போதும், நிரல் இயங்கும் என்னுமாறு அதற்கு ஓர் உருவம் கொடுத்தார். அதற்குப் பேட்சர் என்று பெயரிட்டார். பிலிப் மனூரி என்னும் இசையமைப்பாளர் பியானோவுக்கும் யந்திரத்துக்குமாக இயற்றிய ‘புளூட்டோன்’ என்னும் படைப்பு 1988-இல் இதன் துணையுடன் அரங்கேறியது. பழைய பெரியவர் மாத்யூஸுக்கு மரியாதையாக அந்த நிரலுக்கு மாக்ஸ் என்னும் பெயர் வாய்த்தது. 1990-இல் அது விற்பனைக்கு வந்தது. அதைச் செப்பனிட்டு வளர்த்தவர் டேவிட் சிக்கரெல்லி. பக்கெட் பின்னர்க் கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1996-இல் பியூர் டேட்டா என்னும் இன்னொரு நிரலை எழுதி, யாரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டார். இந்த இரண்டாவது நிரலே அலங்காநல்லூர் வரை வந்து சேர்ந்தது.

திரையில் வெற்றிடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெட்டியை வைத்து அதற்கு ஒரு சொல் இடுகிறோம். அதன் மேல்விளிம்பில் உள்ளே வரும் வாய்களும், கீழ்விளிம்பில் வெளியே போகும் வாய்களும் சிறு புள்ளிகளாகத் தெரியும். ஒரு பெட்டி எண்ணை அனுப்பும். அடுத்த பெட்டி அதை அதிர்வாக்கும். அடுத்தது அதன் அளவைக் குறைக்கும். கடைசிப் பெட்டி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். மேலிருந்து கீழாக நீர் இறங்குவது போலச் செய்தி இறங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோட்டை எடுத்து வேறிடத்தில் இணைக்கலாம். ஒலி உடனே மாறும். அரைப்புள்ளி விட்டுப்போயிற்று என்று யந்திரம் நம்மைக் கடிந்துகொள்ளாது. இது பாமரர்க்கும் புலவர்க்கும் பொதுவான இன்பம்.

ஆயினும் இன்பத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதை நம் ஊர்த் தாளக்கணக்கைக் கொண்டே விளக்குவேன்.

ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாக முப்பத்திரண்டு மாத்திரை. தவில்காரரோ மிருதங்கக்காரரோ முத்தாய்ப்பு வைக்கும்போது ஒரு சொற்கட்டை மூன்றுமுறை வாசித்து, இடையே இரண்டு கார்வை விட்டு, சரியாகச் சமத்தில் வந்து விழுவார். சொற்கட்டு எட்டு மாத்திரை, கார்வை இரண்டு மாத்திரை என்று கொண்டால் மூவெட்டு இருபத்துநான்கு, ஈரிரண்டு நான்கு, ஆக இருபத்தெட்டு. ஆகையால் நான்கு மாத்திரை கழித்து எடுத்தால் சமம் தட்டும். இந்த ஒரு கணக்கைப் பெட்டிகளால் செய்வது எளிது. பெருக்கும் பெட்டி இரண்டு, கூட்டும் பெட்டி ஒன்று, கழிக்கும் பெட்டி ஒன்று, மூன்று கோடுகள், முடிந்தது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நான்காம் மாத்திரை கழித்துத்தான் எடுப்பேன். எந்தெந்தச் சொற்கட்டும் எந்தெந்தக் கார்வையும் பொருந்தும்? ஒவ்வொரு சொற்கட்டு அளவையும் எடுத்து, அதற்கு ஒவ்வொரு கார்வையையும் வைத்துப் பார்த்து, பொருந்துவதைக் குறித்துக்கொண்டு, பொருந்தாததைத் தள்ளிவிட்டு, அடுத்ததற்குச் செல்லவேண்டும். வகுப்பில் ஒரு பையனிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்வான். எழுத்து மொழியில் ஐந்தாறு வரி. பெட்டிகளிலோ? ‘திரும்பத் திரும்பச் செய்’ என்பதற்கு ஒரு பெட்டி, ‘இப்போது எத்தனையாவது’ என்று நினைவு வைக்க ஒரு பெட்டி, ‘பொருந்தினால் இந்த வழி, இன்றேல் அந்த வழி’ என்று பிரிக்க ஒரு பெட்டி, விடைகளை அடுக்கி வைக்க ஒரு பெட்டி, இவற்றையெல்லாம் இணைக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். சிறிது நேரத்தில் திரை முழுதும் ஈர்க்குக்கூடை போலாகிவிடும். பியூர் டேட்டாவில் ‘அன்டில்’ என்று ஒரு பெட்டி உண்டு. நிறுத்து என்று சொல்லும்வரை ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டேயிருக்கும். நிறுத்தும் கோட்டை இணைக்க மறந்தால் நிரல் முழுதும் கல்லாய்ச் சமைந்துவிடும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. ஒரு வாயிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்தால் எதில் முதலில் செய்தி செல்லும்? மாக்ஸ் நிரலில், பெறும் பெட்டி திரையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வலப்புறம் இருப்பதற்கு முதலில் செல்லும். அழகுக்காக ஒரு பெட்டியைச் சற்று இடப்புறம் நகர்த்தினால் இசையே மாறிப்போகக்கூடும்! பியூர் டேட்டாவிலோ எந்தக் கோட்டை நாம் முதலில் இணைத்தோமோ அதன்படி செல்லும். அந்த வரலாறு படத்தில் எங்கும் தெரியாது. அதனால் வரிசையைத் தெளிவாகக் குறிப்பதற்கென்றே ‘டிரிகர்’ என்னும் பெட்டியை இடையே வைத்துக்கொள்ளுமாறு பழகியவர்கள் சொல்லித்தருகிறார்கள். எங்கள் மடை முதியவர் சொன்னது இதுதானே? வழி படத்தில் தெரியும், முறை தெரியாது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒப்பான ஒன்று நடந்திருக்கிறது. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் வாசலில் போடும் கோலத்தைக் கணிப்பொறி அறிவியலார் கண்கொண்டு ஆராய்ந்தனர். 1974-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியது. சிறு கோலமும் அதே வகையைச் சேர்ந்த பெருங்கோலமும் கண்ணுக்கு வெவ்வேறு. வரைவதற்குப் பெரியது பல மடங்கு உழைப்பு. விதியாக எழுதினாலோ இரண்டுக்கும் ஒரே விதிதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருங்கச் சொல்வதில் எழுத்துக்கு உள்ள ஆற்றல் படத்துக்கு இல்லை என்பதை இதைவிட அழகாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இசை நிரல்களை ஆக்கியவர்கள் இந்தக் குறையை உணராமலில்லை. தொடக்கத்தில் அவர்கள் கொடுத்த மருந்து, புதிய பெட்டியையே செய்துகொள் என்பது. சி என்னும் மொழியில் எழுதி, அதை யந்திர மொழியாக மாற்றிக் கட்டி, நிரலில் சேர்த்தால் புதுப்பெட்டி ஒன்று கிடைக்கும். ஆனால் இது கொல்லன் பட்டறைக்குப் போய் அரிவாள் அடித்து வருவது போன்றது. ஓர் எழுத்தை மாற்றினாலும் மறுபடியும் பட்டறைக்குப் போகவேண்டும். இசைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? எக்ஸ்பிர் என்னும் பெட்டி வந்தபோது ஓரளவு எளிதாயிற்று. கூட்டல், பெருக்கல், நிபந்தனை அடங்கிய ஒரு சூத்திரத்தை ஒரே வரியில் அந்தப் பெட்டிக்குள் எழுதிவிடலாம். பெட்டிக்குள் எழுத்து தலைநீட்டியது இவ்வாறுதான். இர்க்காம் நிலையத்திலேயே வேறொரு குழுவினர் பேட்ச்வொர்க் என்னும் நிரலையும், அதன்பின் 1990-களின் பிற்பகுதியில் ஓப்பன்மியூசிக் என்பதையும் ஆக்கினர். அவை லிஸ்ப் என்னும் பழைய மொழியின்மேலேயே பெட்டிகளை அடுக்கியவை. ஆகவே அங்கே படத்துக்கும் எழுத்துக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு இருந்தது. ஆனால் அவை இசையை முன்கூட்டி அமைப்பதற்கு உரியவை. மேடையில் அந்தக் கணமே வாசிப்பதற்கு உரியவை அல்ல.

மேடைக்குரிய மாக்ஸ் நிரலில் பெரிய மாற்றம் 2004-இல் வந்தது. அவ்வாண்டு வெளியான 4.5 என்னும் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் பெட்டிகளாக நுழைந்தன. ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பர். இவற்றைத் தனியே கட்டவேண்டுவதில்லை. எழுதிச் சேமித்த உடனே இயங்கும். அரிவாளைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லாமல் வரப்பிலேயே தீட்டிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கங்களுக்காக 1995-இல் பத்தே நாளில் வடிவமைக்கப்பட்ட அந்த மொழி இசைக்கூடத்துக்குள்ளும் வந்தது ஒரு விந்தை.

பியூர் டேட்டாவின் உலகம் வேறுவகை. அங்கே முதலாளி என்று ஒருவரும் இல்லை. வேண்டியவர் வேண்டிய மொழியைச் சேர்த்துக்கொண்டார்கள். வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் கிரில் பைத்தான் மொழியைச் சேர்த்தார். மாத்தியூ பூஷார் தம்முடைய காட்சிக் கருவிக்காக ரூபியைக் கொணர்ந்தார். கிளாட் ஹைலண்ட்-ஆலன் லுவா மொழியைச் சேர்த்தார். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஆல்பெர்ட் கிரேஃப் அதைப் பிற்காலத்தில் பேணி வளர்த்தார். இவற்றுள் லுவாவின் பிறப்பை மட்டும் நம் மாணவர்கள் கவனிக்கவேண்டும். 1993-இல் பிரேசில் நாட்டில் ரியோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூவர் அதை உருவாக்கினர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கணிப்பொறிப் பொருள்களை இறக்குமதி செய்ய அந்நாட்டில் கடுந்தடை இருந்தது. வேண்டியதைத் தாமே செய்துகொள்ளவேண்டிய நிலை. எண்ணெய் நிறுவனம் ஒன்றின் தேவைக்காகத் தொடங்கிய அந்த மொழி மிகச் சிறியது. மனப்பாடம் செய்யவேண்டிய அடிப்படைச் சொற்கள் இருபதை ஒட்டியவையே. லுவா என்றால் போர்த்துக்கீசிய மொழியில் நிலா. தென்னமெரிக்காவில் பிறந்த நிலா உலகெங்கும் சிறு பெட்டிகளுக்குள் புகுந்து ஒளிவிடுகிறது. வல்லரசுகளில்தான் மொழிகள் பிறக்கும் என்பாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி எல்லாவற்றையும் எழுத்திலேயே எழுதிவிடலாமே, பெட்டி எதற்கு என்று தோன்றும். அங்கேதான் காலம் குறுக்கே நிற்கிறது. இசைத்தட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 எண்கள் வேண்டும். பியூர் டேட்டா அவற்றை அறுபத்துநான்கு அறுபத்துநான்காகக் கட்டி அனுப்புகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 689 கட்டு. ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒன்றரை மில்லிநொடிக்கும் குறைவு. அதற்குள் விடை வராவிட்டால் ஒலி அறுந்து ‘டக்’ என்று கேட்கும். ஸ்கிரிப்ட் மொழிகளோ பெரும்பாலும் பயன்படுத்தித் தீர்ந்த நினைவிடங்களை அவ்வப்போது பெருக்கிச் சுத்தம் செய்வன. அந்தத் துடைப்பம் எந்தக் கணத்தில் வெளியே வரும் என்று சொல்லமுடியாது. கச்சேரி நடுவே மேடையைப் பெருக்க வந்தால் எப்படியிருக்கும்! ஆகையால்தான் மாக்ஸ் நிரலில் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டியை நேரம் தவறாத பணிகளுக்குரிய வரிசையில் வைக்காமல், சற்றே தாழ்ந்த வரிசையில் வைத்தார்கள். முடிவெடுக்கும் வேலை எழுத்துக்கு. ஒலியைச் சுமக்கும் வேலை பெட்டிகளுக்கு என்று பாகப்பிரிவினை ஏற்பட்டது. 2011-இல் வந்த ஆறாம் பதிப்பில் ஜென் என்னும் பகுதி சேர்ந்தபின் இந்த வேலியும் ஓரிடத்தில் திறந்தது. அங்கே எழுதும் வரிகள் அக்கணமே யந்திர மொழியாக மாற்றப்படுவதால் ஒலியின் வேகத்துக்கே ஓடக்கூடியவை. 2024-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டுக்குப் புதிய பொறியைக் கொடுத்தது. ஆனால் பெட்டிகளும் கோடுகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

நம் இசை வரலாற்றில் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்ததை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க இயலாது. நம்மவர் எழுத்தில் தொடங்கினார்கள். ச, ரி, க, ம என்று சுரத்தை எழுத்தால் குறித்தல் பழைய வழக்கம். ஆனால் தோடியின் காந்தாரத்தை ‘க’ என்று எழுதிவிட்டால் அது தோடியாகுமா? அதன் அசைவன்றோ தோடி! எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை அவ்வூர் அரண்மனையின் ஆதரவில் வெளியிட்டபோது, சுர எழுத்துகளோடு கமகங்களைக் காட்டச் சிறு சிறு குறிகளைச் சேர்த்து அச்சிட்டார். எழுத்து தடுமாறிய இடத்தில் அவர் சித்திரத்தைத் துணைக்கு அழைத்தார். நூறாண்டுக்குப்பின் சித்திரம் தடுமாறிய இடத்தில் கலிபோர்னியாவிலும் வியன்னாவிலும் எழுத்தைத் துணைக்கு அழைத்தார்கள். அந்தக் குறிகளை அச்சில் கோக்க அக்காலத்து அச்சுத்தொழிலாளர் பட்ட பாட்டை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பாயிருக்கிறது.

இனி என் மாணவன். பெயர் வேண்டாம். அவன் தந்தையார் கோயில்களில் தவில் வாசிப்பவர். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின்படி எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அத்திட்டத்தில் கணினி பெற்றவன் இவன். பாடத்தில் இருந்த சி பிளஸ் பிளஸ் அவனுக்கு வேப்பங்காய். ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பிழையின்றி எழுதவே தடுமாறுவான்; செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு வரியிலும் யந்திரம் அவனைக் குற்றவாளியாக்கும். ஒருநாள் மாலை என் அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தான். திரையில் பெட்டிகள், கோடுகள். ஒரு பொத்தானை அழுத்தினான். தம்பூரா போல ஒரு ஓசை மெல்ல எழுந்து நின்றது.

“சார், இதுவும் புரோகிராம்தானே?” என்று கேட்டான்.

நான் அந்த ஓசையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “இது படம் போடுறதுப்பா. புரோகிராம்னா எழுதணும். முதல்லே அதைப் படி” என்றேன். அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விட்டான். மீண்டும் அதை என்னிடம் காட்ட வரவில்லை. அந்தப் பாடத்தில் அரைகுறை மதிப்பெண்ணோடு தேறினான். கல்லூரியில் வேறு பாடம் எடுத்தான்.

நான் கூறியதில் ஒரு பாதி சரி என்று இன்று என் மனம் எனக்கே வக்காலத்து வாங்குகிறது. எழுத்தின்றி முடியாத வேலைகள் உண்டு என்பதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்! ஆனால் அந்த நிரல்களை ஆக்கியவர்கள் யாரும், எழுத வந்தவனைப் படத்தை அழித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. படம் எங்கே தடுக்கிற்றோ அங்கே, ஒரே ஒரு பெட்டிக்குள், வேண்டிய அளவு எழுத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நானோ வாசலிலேயே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குப் படம் திறந்துவைத்த கதவு அது. முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் கரும்பலகையில் படம் வரைந்தே வடிவியல் கற்பித்தவன் இதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓய்வு பெற்று நான்கைந்து ஆண்டுகள் கழித்து, தைத்திங்களில், முனியாண்டி கோயில் பக்கம் அவனைக் கண்டேன். தந்தையோடு வாசிக்க வந்திருந்தான். நானே பேச்செடுத்தேன்; அன்று சொன்னது தவறு என்றேன். அவன் சிரித்து, “விடுங்க சார்” என்றான். மறுநாள் என் வீட்டுக்கு அதே பழைய மடிக்கணினியோடு வந்தான். தந்தையாரும் உடன் வந்தார். திரையில் பெட்டிகள் முன்னிலும் ஒழுங்காக இருந்தன. நடுவில் ஒரு பெட்டி மட்டும் சற்று வேறாக இருந்தது. அதைத் திறந்தான். உள்ளே லுவா மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், யந்திரம் படிக்காமல் விட்டுவிடும் குறிப்பாகத் தமிழில் எழுதியிருந்தான்: சொற்கட்டு, கார்வை, சமம்.

“யாரப்பா சொல்லிக்கொடுத்தது?”

“யாருமில்லை சார். பெட்டியை வச்சு முத்தாய்ப்புக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கோடெல்லாம் சிக்கிக்கிச்சு. அப்புறம்தான் இதைத் தேடினேன். நாலஞ்சு வார்த்தைதான் சார் வேணும்.”

நான்கு மாத்திரை கழித்து எடுப்பது என்று எண்ணைக் கொடுத்து அழுத்தினான். நான்கு விடைகள் வரிசையாக வந்தன: சொற்கட்டு இரண்டு, கார்வை பதினொன்று, நான்கும் எட்டும், ஆறும் ஐந்தும், எட்டும் இரண்டும். பழக்கத்தால் நான் ஒரு தாளை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். நான்கும் சரி, ஐந்தாவது இல்லை. ஐந்து மாத்திரை கழித்து எடுத்தால் என்று மாற்றச் சொன்னேன். ஐந்து விடைகள் வந்தன. அதையும் போட்டுப் பார்த்தேன்.

அதுவரை பேசாமலிருந்த தவில்காரர் திரையில் இருந்த முதல் பட்டியலின் முதல் விடையைச் சுட்டி, “இது என்னப்பா, ரெண்டு அடி அடிச்சிட்டு பதினொண்ணு சும்மா நிக்கிறதா? நாதஸ்வரக்காரர் எழுந்து போயிடுவார்” என்றார். பிறகு ஆறும் ஐந்தும் என்ற விடையை எடுத்துக்கொண்டு, என் வீட்டுத் திண்ணையில் தொடையைத் தட்டிச் சொற்கட்டைச் சொல்லிப் பார்த்தார். சமத்தில் வந்து விழுந்தது. மகன் அந்தப் பெட்டியை மறுபடியும் திறந்து, கார்வை சொற்கட்டைவிட நீளமானால் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்தான். நான்கு விடை இரண்டாயிற்று.